சாயங்காலம் ஆனால் இமை தொங்குகிறது, இது நரம்புத் தளர்ச்சிதானா?

கேள்வி, மார்ச் 3

அம்மாவுக்கு 58 வயது. காலையில் நன்றாக இருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் இடது கண் இமை இறங்கிவிடுகிறது, ராத்திரி டிவி பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்கிறார். தலைக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று, பக்கவாதம் இல்லை. நரம்புத் தளர்ச்சி என்று பி12 ஊசி ஒரு கோர்ஸ் போட்டார்கள். ஊசி போட்ட மறுநாள் காலையில் பார்த்தால் இமை நேராக இருக்கிறது, அதனால் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். இன்னொரு கோர்ஸ் போடலாமா? அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

இமை ஏறியது ஊசியால் இல்லை தம்பி, ராத்திரி தூங்கியதால். ஊசி போடாத நாளிலும் காலையில் நேராகத்தான் இருந்திருக்கும், அம்மாவையே கேளுங்கள். ஓய்வு கொடுத்தால் திரும்பி வருவது, பயன்படுத்தப் பயன்படுத்த இறங்குவது, இது மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயின் நடை. எனக்கு அதுதான். நான் டாக்டர் இல்லை, பஸ் கண்டக்டர், இப்போது டிப்போவில் உட்கார்ந்த வேலை. அம்மாவுக்கும் அதுதான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது கோர்ஸ் ஊசிக்கு வைத்திருக்கும் காசில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள், சாயங்காலம் வாங்குங்கள்.

சாப்பிடும்போது புரை ஏறுகிறதா, தண்ணீர் மூக்கு வழியாக வருகிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மார்ச் 4

முழுங்குவதில் சிரமம் இல்லை என்கிறார், நல்லது.

எனக்கு எப்படி ஆரம்பித்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு முதலில் போனது விசில். வாயைக் குவித்து ஊதினால் காற்று இரண்டு ஓரத்திலும் கசிந்தது. காலை டிரிப்பில் நன்றாக வரும், மத்தியானம் சுமாராக வரும், கடைசி டிரிப்பில் புஸ்ஸென்று போய்விடும். விசிலைத்தான் சந்தேகப்பட்டேன், புதிது வாங்கினேன். அப்புறம் படியில் நிற்கும் ஒரு ஆள் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தார், எந்தக் கையில் காசு இருக்கிறது என்று துழாவ வேண்டியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒரே ஆளாகிவிடுவார், எந்தக் கண்ணை மூடினாலும் சரி. இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடியும் இரண்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் திறந்திருக்கும் கண்ணுக்குள்ளேயே கோளாறு, கண்புரை போல. மூடினால் சரியாகிவிட்டால் இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்புவதில் கோளாறு. அம்மாவிடம் இதைச் செய்து பாருங்கள், செலவில்லாத டெஸ்ட்.

பேச்சு மூக்கால் வர ஆரம்பித்த பிறகுதான் வம்பு. ராத்திரி வசூல் பணம் கட்டும்போது சொருகிய கண்ணும் குழறல் பேச்சுமாக நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும், குடித்துவிட்டு டியூட்டி பார்க்கிறான் என்று மேலே எழுதிப் போட்டார்கள். மெஷினில் வாயை வைத்து ஊது என்றார்கள். எனக்குத்தான் ஊதவே வரவில்லையே!

மார்ச் 4, மறுபடியும்

"சர்க்கரை இருந்தால் கண் நரம்பு அடிபட்டு இப்படித்தான் இமை தொங்கும்" என்று எழுதியிருப்பவருக்கு. உண்மைதான், தொங்கும். ஆனால் அது காலையில் ஏறி மாலையில் இறங்காது, விழுந்தால் வாரக்கணக்கில் விழுந்தபடியே இருக்கும். மயஸ்தீனியாவில் கண்ணின் கருமணி சுருங்கி விரிவதில் மாற்றம் வராது, மரத்துப்போகாது, ஊசி குத்துவது போல இருக்காது, வலிக்காது. வெறும் பலம் மட்டும்தான் குறையும், அதுவும் மணிக்கு ஒரு விதமாக. டாக்டரிடம் போகும் நேரத்தில் நாம் நன்றாக இருந்து தொலைப்பதால்தான் நிறையப் பேருக்கு மாதக்கணக்கில் பெயர் தெரியாமல் போகிறது. போனில் ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் காலை ஒரு படம், சாயங்காலம் ஒரு படம் எடுத்து வையுங்கள் தம்பி.

மார்ச் 5

என்னதான் நடக்கிறது உள்ளே என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கண்டக்டர் விசில் அடித்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். நரம்பு கண்டக்டர், தசை டிரைவர். விசில் சத்தம் என்பது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம், நரம்பு நுனியிலிருந்து கிளம்பி, தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டும். அந்த ஏற்பிகள்தான் டிரைவரின் காது. மயஸ்தீனியாவில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆன்டிபாடி தயாரித்து அந்தக் காதுகளை அடைக்கிறது. உடம்பு முழுக்க நோய் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி ரத்தத்தில் தெரியும். கண்ணோடு நிற்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும், அதனால் ரத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று யாராவது கதவைச் சாத்தினால் நம்பாதீர்கள். ஒரு சிலருக்கு மஸ்க் என்ற வேறொரு புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கும், 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

நரம்பு-தசை நோய் என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்களே, அதில் கோளாறு எங்கே என்பதில்தான் வித்தியாசம். தசையை இயக்கும் நரம்பு அணுக்கள் அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். என்ற நோயில் கண்டக்டரே போய்விடுகிறார். டூஷேன் தசைச்சிதைவில் விசிலும் சரி, காதும் சரி, தசை நாரைத் தாங்கிப்பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால் வண்டியே நொறுங்குகிறது. லாம்பர்ட்-ஈட்டன் என்று ஒன்று உண்டு, அதில் விசில் சத்தமே போதாது, வேகமாக நாலு முறை அடித்தால் கொஞ்சம் கேட்கும். அது வந்தவர்களில் பாதிக்கு மேல் நுரையீரல் புற்றுநோய் ஒளிந்திருக்கும், அதனால் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு இந்தப் பெயரை டாக்டர் சொன்னால் நெஞ்சு ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

மார்ச் 9

"பாம்பு கடித்தாலும் இமை தொங்கும் என்கிறார்களே, சம்பந்தம் உண்டா?" நல்ல கேள்வி, எனக்கு இந்தப் பக்கம் பேசப் பிடிக்கும்.

சம்பந்தம் நேரடியாகவே உண்டு. நல்லபாம்பு விஷம் போய் அடைப்பது அதே ஏற்பியை. அதனால்தான் விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போட்டுப் பார்க்கிறார்கள், சத்தம் காற்றில் சீக்கிரம் கரையாமல் நின்றால் அடைத்த காதிலும் கொஞ்சம் விழும் அல்லவா, அந்தக் கணக்கு. நமக்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அதே குடும்பம்தான். கட்டுவிரியன் வேறு மாதிரி, அதன் விஷம் நரம்பு நுனியையே பாழாக்கிவிடும், விசிலே உடைந்துபோனால் நியோஸ்டிக்மின் என்ன செய்யும், பெரிதாகப் பலன் கிடைக்காது, நுனி மறுபடி வளரும்வரை வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த வலிகூடப் பெரிதாகத் தெரியாது, விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கல். கிராமத்தில் ஒரே ராத்திரியில் இமை தொங்கினால் மயஸ்தீனியாவா என்று இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு விஷம் எடுக்கிறது, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துத்தான் முறிவு மருந்து தயாராகிறது.

இன்னொரு சங்கதி. தைவானில் இருக்கும் ஒரு கட்டுவிரியன் வகையின் விஷத்திலிருந்து புங்காரோடாக்சின் என்ற பொருளை 1963-இல் பிரித்தெடுத்தார்கள். அது ஏற்பியை விடாமல் பிடித்துக்கொள்வதால் அதை வைத்தே ஏற்பிகளை எண்ண முடிந்தது. 1973-இல் எண்ணிப் பார்த்தால் மயஸ்தீனியாக்காரர்களின் தசையில் ஏற்பிகள் குறைவு. அதே வருஷம் மின்சார விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை முயலுக்கு ஊசி போட்ட பேட்ரிக், லின்ட்ஸ்ட்ராம் என்ற இருவருக்கு முயல்கள் துவண்டு விழுந்தன, முயலின் ஆன்டிபாடி முயலையே தாக்கியது. நோய் எங்கிருந்து வருகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. பாம்பு, மீன், முயல் மூன்றும் சேர்ந்து எனக்கு வைத்தியம் பார்த்திருக்கின்றன.

மார்ச் 10

மருந்து அதற்கும் முந்தியது. 1934-இல் லண்டன் கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபீஜ் ஆஸ்பத்திரியில் மேரி வாக்கர் என்ற டாக்டர், இந்த நோய் கியூராரே என்ற அம்பு விஷம் ஏறியது போலவே இருக்கிறதே, அதற்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்தால் என்ன என்று ஒரு அம்மாவுக்கு ஊசி போட்டார், இமை ஏறியது. மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரையிலிருந்து எடுப்பது அந்த மருந்து, அங்கே குற்றவாளியா இல்லையா என்று பார்க்க அந்த அவரையைத் தின்னக் கொடுப்பார்களாம். காரணம் தெரிவதற்கு நாற்பது வருஷம் முன்பே மருந்து வந்துவிட்டது.

மார்ச் 11

"பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது, மூச்சுப் பிரச்சினை இல்லை" என்று ஒருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். மயஸ்தீனியாவில் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும், அதை இழுத்து விரிக்கும் தசைதான் களைக்கும். களைத்து, மூச்சு மேலோட்டமாகி, கரியமில வாயு உள்ளே தேங்கி, கடைசியில்தான் ஆக்ஸிஜன் எண் சரியும். எண் சரியும்போது நேரம் கடந்திருக்கும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த அந்த மெஷினை இதற்கு நம்பக் கூடாது.

வீட்டில் பார்க்க வேண்டியது வேறு. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நல்ல உடம்புக்காரர் வேகமாக எண்ணினால் ஐம்பது வரை போவார். நன்றாக இருக்கும் நாளில் எத்தனை என்று குறித்து வைத்துக்கொண்டு, அது மளமளவென்று குறைகிறதா என்று பாருங்கள். இருபதைத் தாண்டவில்லை என்றால் ஆஸ்பத்திரி. தலை நிற்காமல் முன்னால் சாய்வது, இருமல் பலமில்லாமல் வருவது, எச்சில் முழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருப்பது, இவையும் அதே வழி. இதைத்தான் மயஸ்தீனிக் கிரைசிஸ் என்கிறார்கள். வென்டிலேட்டர் என்றதும் கடைசிக் கட்டம் என்று நம் ஊரில் அழுவார்கள், இந்த நோயில் அப்படி இல்லை, தசைக்கு ஓய்வு கொடுத்து மருந்து ஏற்றினால் பெரும்பாலும் எழுந்து வந்துவிடுவார்கள்.

மார்ச் 17

ஆன்டிபாடி பாசிட்டிவ், கையில் மின்தூண்டல் டெஸ்டிலும் தெரிந்தது என்று தம்பி எழுதியிருக்கிறார். பயந்துபோய் எழுதியிருக்கிறார். பயப்படுகிற அளவுக்கு இல்லை, பெயர் தெரியாமல் திரிந்ததுதான் மோசமான காலம், அது முடிந்தது.

இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. மருந்துக் கடையில் "ஜுரம் இருமலுக்கு ஏதாவது கொடுங்க" என்று வாங்கும் பழக்கத்தை விட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் என்ற வகை ஆன்டிபயாட்டிக் நம் நோயை மோசமாக்கிவிடும், அமெரிக்காவில் 2011-இல் அந்த மாத்திரைகளுக்கே மயஸ்தீனியா என்று பெயர் போட்டுக் கடும் எச்சரிக்கை ஒட்டினார்கள். நம் ஊரில் பேதிக்கும் சிப்ரோ, சிறுநீர்க் கடுப்புக்கும் சிப்ரோ, கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசி, அசித்ரோமைசின், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம், படபடப்புக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால், மூட்டுவலிக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின், சுருக்கம் போக்கும் போடாக்ஸ் (அம்மாவுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்), இவையும் அதே பட்டியல்தான். எதையும் ஒருபோதும் தொடக் கூடாது என்று அர்த்தம் இல்லை, உயிருக்கு ஆபத்தான தொற்றில் வேறு வழி இல்லாமல் கொடுத்துக் கண்காணிப்பார்கள். ஆனால் கொடுப்பவருக்கு நோய் தெரிந்திருக்க வேண்டும். ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் பர்ஸில் வையுங்கள், இன்னொன்று உங்கள் போனில்.

மார்ச் 22

நெஞ்சுக்கு எதற்கு சி.டி. ஸ்கேன், நோய் கண்ணில்தானே என்று கேட்கிறார் தம்பியின் மாமா. மாமா, நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி அணுக்கள் பாடம் படிக்கிற இடம். நம் ஆட்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அதில் தைமோமா என்ற கட்டி இருக்கும். கட்டி இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். கட்டி இல்லாவிட்டாலும் 65 வயதுக்கு உட்பட்ட, ஆன்டிபாடி உள்ள, நோய் உடம்பு முழுக்கப் பரவியவர்களுக்கு எடுப்பதால் பலன் உண்டு என்று 126 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வந்தது, சுரப்பியை எடுத்தவர்களுக்கு ஸ்டீராய்டு குறைவாகவே தேவைப்பட்டது. அம்மாவுக்குக் கண்ணோடு நிற்பதால் இப்போதைக்கு ஸ்கேன் போதும் என்றுதான் சொல்வார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் கண்ணில் ஆரம்பிப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல், பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள், உடம்புக்கும் பரவுகிறது, அதனால் கவனம் விடக் கூடாது.

ஏப்ரல் 2

மாத்திரை அனுபவம். பைரிடோஸ்டிக்மின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை ஆரம்பிக்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் மெல்லவும் முழுங்கவும் பலம் இருக்கும். நான் மாத்திரை போடாமல் பரோட்டா தின்ற காலத்தில் நான்காவது வாய்க்கு மேல் தாடையைக் கையால் முட்டுக்கொடுத்து மூடி மூடி மென்றிருக்கிறேன், எதிரில் உட்கார்ந்திருந்தவர் பல்வலியா என்று கேட்டார். பக்க விளைவு வயிற்றில்தான், கடமுட, பேதி, எச்சில் ஊறுவது. பஸ்ஸில் இருந்திருந்தால் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வண்டியை நிறுத்தியிருப்பேன். பலம் போதவில்லை என்று நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள், அளவு மீறினால் இதே மாத்திரையே தசையைத் துவளச் செய்யும்.

இது நோயைக் குறைக்கும் மருந்து இல்லை, அந்த நேரத்துக்கு ஓட்டும் மருந்து. நோயை அடக்குவது ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் அசாதயோப்ரின் மாத்திரையும். "ஸ்டீராய்டு என்றால் விஷம், நாட்டு வைத்தியத்துக்கு வாருங்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், முகத்தைப் பூசணியாக்கும், பழைய காசநோயைக் கிளப்பும், எல்லாம் எனக்குத் தெரியும், என் பழைய சட்டை எதுவும் இப்போது பட்டன் சேராது. அதனால்தான் இமை தூக்கும் அளவுக்கு வந்ததும் மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். பொடி கொடுப்பவர் பொடியில் என்ன இருக்கிறது என்று சொல்வாரா? இரண்டு எச்சரிக்கை: ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் சிலருக்குப் பலம் இன்னும் குறையும், ஆகவே குறைந்த அளவில் தொடங்குவார்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அசாதயோப்ரினுக்குப் பொறுமை வேண்டும், பலன் தெரிய ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும், இடையில் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யூரிக் ஆசிட் மாத்திரை அலோபியூரினால் யாராவது கொடுத்தால் இதை எடுப்பதாக முதலில் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியும்.

ஏப்ரல் 3

பதினாறு கோடி ரூபாய் ஊசி இதற்குப் போடலாமா என்று கேட்டவருக்கு: இல்லை. அது தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் எஸ்.எம்.ஏ. என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்கு, எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவை ஈடுசெய்யும் சிகிச்சை. மயஸ்தீனியா பரம்பரை நோய் இல்லை, என் பிள்ளைகளுக்கு இது வந்துவிடுமோ என்று நான் பயந்ததற்கும் டாக்டர் இதையே சொன்னார். பிறவியிலேயே வரும் வேறொரு வகை உண்டு, அது ஆன்டிபாடியால் வருவதில்லை, தனிக் கதை.

மே 11

கத்திரி வெயில். இமை இறங்குகிறது என்று தம்பி பதறியிருக்கிறார், எனக்கும் இறங்குகிறது. இந்த நோய்க்குச் சூடு ஆகாது, குளிர்ச்சி பிடிக்கும். தொங்கும் இமையின் மேல் ஐஸை இரண்டு நிமிஷம் வைத்து ஏறுகிறதா என்று பார்ப்பதே ஒரு டெஸ்ட். மாவு அரைப்பது, துணி துவைப்பது எல்லாம் காலையில், மத்தியானம் படுக்கை. "சும்மாவே படுத்துக் கிடக்கிறாள்" என்று சொல்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்த இழையைக் காட்டுங்கள்.

மே 12

மார்ச்சில் எழுதிய விசில் கதையைத் திரும்பப் படித்தேன். அடைக்கிறது என்று எழுதியது பாதிதான். ஆன்டிபாடி இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடித்துத் தசைக்குள் இழுத்து அழித்துவிடுகிறது, அதோடு ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தையும் கூப்பிட்டு அந்த இடத்தின் மடிப்புகளையே சிதைக்கிறது. புது மருந்துகள் இதைப் பார்த்து வந்தவைதான். எக்குலிசுமாப் காம்ப்ளிமென்டைத் தடுக்கிறது, 2017-இல் அமெரிக்காவில் அனுமதி. எஃப்கார்டிஜிமாட் ஆன்டிபாடியையே ரத்தத்திலிருந்து சீக்கிரம் கழிக்கிறது, 2021. இரண்டின் விலையும் நம்மைப் போன்றவர்கள் பேசும் விலை இல்லை. அவசரத்துக்கு நமக்கு இருப்பது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றம், இல்லாவிட்டால் தானம் வந்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடியை நரம்பில் ஏற்றும் ஐ.வி.ஐ.ஜி., அது மொத்தமாக உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம், 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதற்கே லட்சக்கணக்கில் ஆகிவிடும். காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில் எதற்குச் செல்லும் என்று நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

ஜூன் 20

ஸ்கேனில் கட்டி இல்லை, இமை பெரும்பாலான நாள் நேராக இருக்கிறது, ஆனால் கண்ணில் புரை என்று ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்கிறார் தம்பி. செய்யலாம், இந்த நோய் இருப்பதால் புரை ஆபரேஷன் கூடாது என்று இல்லை, ஸ்டீராய்டே புரையைச் சீக்கிரம் கொண்டுவரும், நிறையப் பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். கண் டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் தனித்தனியாக நோயின் பெயரைச் சொல்லுங்கள், ஒருவர் மற்றவரிடம் சொல்லிவிடுவார் என்று விடாதீர்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டைமலால் சொட்டு மருந்து வேண்டாம், அதுவும் ப்ரோப்ரனலால் வகைதான், கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் சேரும். ஆபரேஷனுக்குப் பின் சிப்ரோ வகைச் சொட்டு கொடுப்பது வழக்கம், சொட்டில் போகும் அளவு கொஞ்சம்தான் என்றாலும் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டீராய்டை அன்றைக்கு நிறுத்தவே கூடாது, பைரிடோஸ்டிக்மின் எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள், காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சாயங்காலம் வரிசையில் உட்கார வைத்தால் அம்மா பாதி பலத்தோடுதான் மேஜையில் ஏறுவார்.